வேடிக்கையும் துட்டியும்

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் மூன்று படங்களாவது இருக்கும். சிவகாசியில் அச்சான சாமி காலண்டர் ஒன்று. வீட்டில் இறந்துபோன யாரோ ஒருவரின் படம், பிளாஸ்டிக் மாலையும் சின்னச் சிவப்பு பல்புமாக. அப்புறம் கல்யாண போட்டோ. அந்த வீட்டில் ரெண்டு பேராவது பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர்களாக இருப்பார்கள். ஆனால் அவர்கள் வேலை செய்கிற மாதிரி ஒரு படத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. திரி வெட்டுகிற கை, சரம் பின்னுகிற விரல், அலுமினியப் பொடி அப்பி வெள்ளிச் சிலை மாதிரி சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்குகிற உடம்பு, எதுவுமே சுவருக்கு வரவில்லை. தொழிலாளியின் முகம் பெரிதாகத் தெருவுக்கு வருவது ஒரே ஒரு தடவைதான். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே, ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை இழுத்துப் பெரிதாக்கி, ஃப்ளெக்ஸில்.

படத்துக்குப் பஞ்சமான பூமி என்றால் இதைப் புரிந்துகொள்ளலாம். எங்கள் வட்டாரமோ இந்தியா முழுக்கப் படம் அனுப்பிய வட்டாரம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர் வந்தது. காலண்டருக்கு ஓவியர் வேண்டுமே, அவர் கோவில்பட்டியில் இருந்தார். சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். அவரும் அவர் சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும்தான் இரண்டு மூன்று தலைமுறைக்குச் சாமியின் முகம். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட ‘காட்ஸ் இன் தி பஜார்’ என்ற புத்தகம், இந்தக் காலண்டர்கள் கடையிலிருந்து வாடிக்கையாளருக்கும், அங்கிருந்து பூஜை அலமாரிக்கும் நகர்வதைப் பின்தொடர்கிறது. படத்தை அது தொங்குகிற இடத்திலும் கைமாறுகிற வழியிலும் வைத்துத்தான் படிக்க முடியும் என்று எனக்குக் காட்டிய புத்தகம் அது.

கொண்டையராஜு பள்ளியின் சாமிகள் பெரும்பாலும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். நாடகத் திரைக்கு முன்னால் வந்து நிற்கும் ராஜபார்ட் மாதிரி முழு முகம், முழு வெளிச்சம். படத்துக்கு முன்னால் நின்றால் பார்க்கப்படுவது நாம்தான். ‘சாமி பாத்துக்கிட்டிருக்கு’ என்று குழந்தைகளை மிரட்டுவது சும்மா இல்லை. இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. தொழிலாளர்களைப் பற்றிய கண்காட்சிகளின் அறிமுகக் குறிப்புகளில் ‘ஒத்துணர்வை உண்டாக்கும் கலை’ என்ற தொடர் சமீபகாலமாகத் தவறாமல் வருகிறது. அந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் பார்க்கிறவர் ஒருவர், பார்க்கப்படுகிறவர் இன்னொருவர் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. உணர்வு வரவேண்டியது பார்க்கிறவருக்கு. பார்க்கப்படுகிறவர் தம் வேலையைப் படத்திலேயே முடித்துவிட்டார்.

எங்கள் பக்கம் இந்த விஷயத்துக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. வேடிக்கை ஒன்று, துட்டி இன்னொன்று.

வாணவேடிக்கை நாங்கள் செய்து அனுப்புவது. வேடிக்கை பார்ப்பது எல்லாரும் செய்வது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் வெடித்தபோது செத்தவர்களில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். பெரிய வெடி அதற்கப்புறம் வந்தது. அடுத்த நாள் டீக்கடையில் ‘வேடிக்கை பார்க்கப் போனவுக’ என்று ஒருத்தர் சொல்ல, ‘காப்பாத்தப் போனவுக’ என்று இன்னொருத்தர் சொல்ல, கிட்டத்தட்டக் கைகலப்பு வரை போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன கால்கள் ஒன்றுதான். எதற்காகப் போயிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. ஒருவேளை ஓடும்போது அவர்களுக்கே அது பிரிந்திருக்காது. சத்தம் கேட்டால் திரும்புகிற கண்ணும் ஓடுகிற காலும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன. ஒருவன் படத்தைப் பார்க்க நிற்கும்போது அவனுக்குள் நடப்பதும் இந்த இரண்டும் கலந்ததுதான் என்று நினைக்கிறேன். சூசன் சொண்டாக் 1977இல் ஒரு மாதிரியும் 2003இல் வேறு மாதிரியும் இதைப் பற்றி எழுதினார். கொடுமைப் படங்களை நிறையப் பார்த்தால் மரத்துப்போவோம் என்று முதலில் சொன்னவர், பிறகு அதைத் தானே சந்தேகப்பட்டார். என்னைக் கேட்டால் எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. படத்தைப் பார்த்தபின் கால் எங்கே போகவேண்டும் என்று அந்தப் படம் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வட்டாரத்தைப் பற்றி வெளியார் எடுத்த முக்கியமான படம் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’, 1990. எடுத்தவர் கன்னடக்காரரான சலம் பென்னூர்கர். தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பிள்ளைகள் வேலை பார்த்த காலம். விடியுமுன்னே வண்டி வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது என்றாலும் வண்டி நிற்கவில்லை. 1991 ஜூலையில் நடந்த விபத்தில் 39 பேர் இறந்தார்கள். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆவணங்களின் உழைப்பு உண்டு. அதைக் குறைத்துச் சொன்னால் நன்றி கெட்டவனாவேன். அமெரிக்காவில் 1908 முதல் லூயிஸ் ஹைன் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எடுத்த சிறார் படங்களுக்கும் இதே வரலாற்று இடம்தான். சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்ப் பேசுவதற்காகவே எடுத்த படங்கள். அந்தக் காரியத்தை அவை செய்து முடித்தன.

ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற வயதுப் பிள்ளைகள், இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள், அதைப் பார்த்திருக்கிறார்களா? என் சுற்றத்தில் அந்தக் காலத்தில் வேலைக்குப் போன பத்துப் பதினைந்து பேரைக் கேட்டேன். ஒருத்தர்கூட அப்படி ஒரு படம் இருப்பதையே கேள்விப்படவில்லை. திரைவிழாக்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கருத்தரங்குகளிலும் அது ஓடியது. இங்கே வரவில்லை. நகரத்தில் அதைப் பார்த்தவர் மனத்தில் ‘சிவகாசிக் குழந்தை’ என்று ஓர் உருவம் பதிந்தது. அந்த உருவத்துக்குத் துயரம் உண்டு. அண்ணன் தம்பி சண்டை, திருட்டு மாங்காய், வண்டியில் ஜன்னலோரத்துக்கு அடிதடி இதெல்லாம் கிடையாது. என் பெரிய மதினி அந்த வண்டியில் போனவர். அவர் சொல்வதில் பாதி அந்த ஜன்னலோரத்தைப் பற்றித்தான்.

இந்த இடத்தில் ஒரு வணிக சினிமாவை உள்ளே இழுக்கிறேன், கோபப்படாதீர்கள். 2008இல் வந்த சசியின் ‘பூ’. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையிலிருந்து உருவானது. அதன் மாரி பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். ஆனால் படம் ஆலையைப் பற்றியது இல்லை. அவள் மாமனைப் பற்றியது, மாமன்மேல் அவள் வைத்த பைத்தியத்தைப் பற்றியது. ஆலை அவள் வாழ்க்கையில் இருக்கிறது, அவ்வளவுதான். மாரியை எங்கள் ஊர்ப் பெண்கள் டிவியில் எத்தனை முறை பார்த்தார்கள் என்று கணக்கே இல்லை. ‘ஏய், அது நம்ம ஆபீசு மாதிரியே இருக்குல்லா’ என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பொருத்தமில்லாத ஒப்பீடு என்று சிலர் சொல்லலாம். ஒன்று ஆவணம், இன்னொன்று காதல் கதை. இருந்தாலும் சொல்கிறேன். மாரியைப் பார்த்து அழுகிறவர் ஒரு பெண்ணுக்காக அழுகிறார், ஒரு பிரச்சினைக்காக இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் என் சித்தியிடம் போனில் சில படங்களைக் காட்டினேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாகச் சரவெடி பின்னியவர். முதலில் காட்டியது உலகமே அறிந்த படம்: 1984 டிசம்பரில் போபாலில் ரகு ராய் எடுத்தது. மண்ணுக்குள் ஒரு குழந்தையின் முகம், கண் திறந்தபடி, மேலே மண்ணைத் தள்ளுகிற ஒரு கை. அதே குழந்தையைப் பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்தில் எடுத்தது அந்த வருஷத்துக்கான உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. நான் இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். சித்தி கேட்கவே இல்லை. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இதப் பெத்தவ எங்கடா?’ என்றார்.

தெரியாது சித்தி, யாரும் வரலை, பேரும் தெரியாது என்றேன்.

‘அப்பம் யார்ட்டப் போய்த் துட்டி கேக்க?’

நான் வாசித்த புகைப்பட விமர்சனங்களில் இந்த ஒரு வரிக்கு இணையானது குறைவு. துட்டி கேட்பது என்றால் தெரியாதவர்களுக்கு: இறந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வருவது. மதுரைப் பக்கம் கேதம் கேட்பது என்பார்கள். அதற்கு அழைப்பு கிடையாது. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியும் வந்தாக வேண்டும். ஆண்கள் கையைத் தொட்டுவிட்டுப் பந்தலில் உட்காருவார்கள். பெண்கள் நேரே உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். அந்த அழுகையில் பாதி, வந்தவள் தன் வீட்டில் பறிகொடுத்ததற்கு. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ சொல்லக்கூடாது. சொல்லாமல் எழுந்து போகவேண்டும். மனசுக்குள் என்ன உணர்ந்தாய் என்று உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. நீ வந்தாயா என்பதை மட்டும் பார்ப்பார்கள். வராவிட்டால் ஏழு வருஷமானாலும் மறக்கமாட்டார்கள்.

நம் கலை உலகம் ‘ஒத்துணர்வு’ என்கிறபோது நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்கிறது. துட்டி என்பது காலால் நடப்பது. சித்தியின் கேள்வி போபால் படத்தை மறுக்கவில்லை. அந்தப் படத்துக்கு ஒரு வீடு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது. பெயர் தெரியாத குழந்தை என்பதாலேயே அது உலகத்துக்கெல்லாம் பொதுப் பிள்ளையாகி, போஸ்டர் ஆகி, கோஷம் ஆகியது. எல்லாரும் துக்கப்படலாம். யாரும் எங்கும் போகவேண்டியதில்லை.

அந்த வீட்டைக் கட்டியவர்களும் போபாலில்தான் இருக்கிறார்கள். 2014 டிசம்பரில், விபத்தின் முப்பதாவது ஆண்டில், தப்பிப் பிழைத்தவர்களும் அவர்களோடு நின்றவர்களும் ‘ரிமெம்பர் போபால்’ என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அரசுப் பணமும் கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்கள். இறந்தவர்களின் துணிமணி, அன்றாடப் பொருள், போட்டோ, பக்கத்தில் ஒரு டெலிபோன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பொருளுக்கு உரியவரைப் பற்றி அவர் வீட்டார் பேசுகிற குரல் கேட்கும். நான் நேரில் போனதில்லை. ஆனால் அந்த ரிசீவர் யோசனையைப் பற்றிப் படித்ததுமே சித்தி ஞாபகம்தான் வந்தது. போனை எடுக்கவேண்டும் என்றால் கை நீள வேண்டும். அந்தப் பக்கம் பேசுகிறவருக்குப் பெயர் உண்டு, தெரு உண்டு. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் கேட்கமுடியும், கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்க முடியாது. இது பெரிய நிறுவனக் கலை ஒன்றும் கிடையாது, பழைய டெலிபோன்தான்.

தமிழில் இந்தத் திசையில் நடப்பவர் என்று நான் மதிப்பது எம். பழனிகுமாரை. மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற தாயின் மகன். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தில் கேமராவோடு நின்றவர். அந்தப் படத்தைப் பொது இடங்களில் போட விடாமல் போலீஸ் தடுத்ததும், பின்னர் அது யூடியூபில் ஏறி வீடு வீடாகப் போனதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் பிள்ளைகளையும் வைத்து அவர் தயாரித்த ‘நானும் ஒரு குழந்தை’ கண்காட்சிதான் அவரைப் பரவலாக அறியச் செய்தது. 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது தொடங்கியபோது முதல் விருது அவருக்குப் போனது.

அந்தக் குடும்பப் படங்களில் என்னை நிறுத்துவது ஒரு திரும்பத் திரும்ப வரும் அமைப்பு: இறந்தவரின் படத்தைக் கையில் பிடித்திருக்கும் மனைவி அல்லது மகள். படத்துக்குள் படம். அழகியல் உத்தியாகப் பார்த்தால் இது தேய்ந்துபோனது, உலகம் முழுக்க எல்லாப் போர்ப் புகைப்படக்காரரும் எடுத்தது. ஆனால் நம் ஊரில் துட்டி வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வந்தவர் உட்கார்ந்ததும் வீட்டார் உள்ளே போய் எடுத்துவருவது அந்தப் படத்தைத்தான். ‘போன பொங்கலுக்கு எடுத்தது’ என்று சொல்லி நீட்டுவார்கள். பழனிகுமாரின் கேமரா அந்தப் படம் நீட்டப்படுகிற இடத்தில், வந்தவர் உட்காருகிற பாயில் இருக்கிறது. பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். மேலிருந்து குனிந்து எடுத்த படம் அரிது. சித்திக்கு இந்தப் படங்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றிலும் ‘இவுக எந்தூரு’ என்று கேட்டார். ஊர் சொன்னேன். ‘ம்’ என்றார். நீண்ட ‘ம்’.

எனக்கு அவர் படங்களில் குறை தென்படுவதும் உண்டு. சில வரிசைகளில் ஒளி ரொம்ப அழகாகிவிடுகிறது. கடலும் அந்தி வெளிச்சமும் சேர்ந்து, உழைப்பின் வலியைக் காலண்டர் பக்கம் கொஞ்சம் இழுக்கின்றன. கொண்டையராஜு ஊர்க்காரனான எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அவருடைய பெரிய வேலை தனிப் படங்களைத் தாண்டியது. வடசென்னையிலும் மற்ற இடங்களிலும் தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்ததைக் காட்சிக்கு வைத்தாரே, அது. அந்தப் பிள்ளைகள் தங்கள் தெருவைப் பார்க்கிறபோது பரிதாபம் என்ற சமாச்சாரமே உள்ளே வருவதில்லை. நாய் வருகிறது, கிரிக்கெட் வருகிறது, அடுப்பு வருகிறது, பின்னால் ஆலைப் புகைக்கூண்டும் வருகிறது.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இன்னொரு வழியில் இதைச் செய்தார். 2011இல் வந்த அவரது முற்றுப்பெறாத தோம்பு என்ற புத்தக வடிவக் கலைப்படைப்பு. தோம்பு என்பது போர்த்துக்கேயர், டச்சுக்காரர் காலக் காணிப் பதிவேடு. போரில் வீட்டை விட்டுப் போன எண்பது பேரிடம் தங்கள் வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் வரைந்தது, அதைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்தது, பிறகு சனாதனன் தன் ஓவியமாகத் தந்தது என ஒவ்வொரு வீட்டுக்கும் அடுக்குகள். இழந்தவர் படத்தின் பொருளாக இல்லாமல் அதன் முதல் ஓவியராக இருக்கிறார் என்பதை விடுங்கள். ஒருவரிடம் ‘உன் வீடு எப்படி இருந்தது, கிணறு எந்தப் பக்கம்’ என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே துட்டி கேட்பதுதான். எண்பது வீட்டில் கேட்டிருக்கிறார்.

கூடுகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் முதலானோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழா, பின்னால் சென்னை கலைத் தெரு விழா ஆனது. கர்னாடக இசை குப்பத்துக்குப் போனதும், பறையும் கூத்தும் அதே மேடையில் நின்றதும் அன்று பெரிய பேச்சு. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் சபாவிலிருந்து வந்தவர்கள் குப்பத்தில் ஒரு நல்ல சாயங்காலத்தைக் கழித்தார்கள் என்பதைவிட, குப்பத்துக்காரர்கள் அந்த ஒரு நாள் விருந்து உபசரிக்கிற வீட்டுக்காரர்களாக இருந்தார்கள் என்பதுதான் அதன் பலம் என்று எனக்குப் படுகிறது. யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, ஏழாயிரம்பண்ணையில் இப்படி ஒன்று நடந்தால்? இங்கேதான் கட்டுரை சுலபமாக இல்லை.

முதல் விஷயம், இந்தத் தொழிலே கூடாதிருப்பதை விதியாகக் கொண்டது. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். உயிரைக் காப்பதற்கான விதி, மீறப்படும்போதுதான் கொத்தாகச் சாகிறார்கள். விபத்துச் செய்தியில் ‘அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள்’ என்ற வரியும் ‘உராய்வினால்’ என்ற சொல்லும் அச்சுக் கோத்து வைத்த மாதிரி வரும். வேலையிடத்தில் சேர்ந்து உட்கார முடியாதவர்கள் சேர்வது மூன்று இடத்தில்: வேலைக்குப் போகிற வண்டி, பொங்கல் கொடை, துட்டி வீடு.

இரண்டாவது விஷயம் கடினமானது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள், பிரதமர் நிதியில் 2 லட்சம், மாநில அரசு 3 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரம் கேமராவோடு வந்த யாரையும் எங்கள் ஊர்க்காரர்களில் பலர் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. துக்கத்தைப் படம் பிடிக்கிறார்கள் என்ற கோபம் மட்டும் காரணம் இல்லை. ‘இதப் போட்டுப் போட்டு ஆபீசை மூட வச்சிருவாக’ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. தீபாவளி முடிந்து மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. சித்தி சரம் பின்னுகிறவர் என்று சொன்னேன் அல்லவா, அந்த வேலையே சட்டப்படி இல்லாமல் போனது. அதற்கும் ரொம்ப முன்னாலிருந்தே நகரத்துப் பள்ளிகளில் ‘பட்டாசு வெடிக்க மாட்டோம்’ என்று பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதி காற்றுக்காக, ஒரு பகுதி சிவகாசிக் குழந்தைக்காக. அந்தப் பிள்ளைகள் கண்ணில் வருவது மெய்யான உணர்வுதான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த உணர்வு நேராக வந்து இறங்குவது வாரக்கூலியில். பெரியவர்களான அந்தச் ‘சிவகாசிக் குழந்தைகள்’ தங்களுக்காகக் கண்ணீர் விட்டவர்களால் வேலை இழக்கிறார்கள். காற்று கெடுவதும் உண்மை, தில்லியில் மூச்சுத் திணறுகிற குழந்தையும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். இரண்டு பக்கமும் துட்டி வீடு இருக்கிறபோது என்ன செய்வது என்பதற்கு எந்தக் கண்காட்சிக் குறிப்பிலும் பதில் இல்லை.

ஆகவே இங்கே ஒரு கண்காட்சி வைப்பது என்றால், அதில் என்ன தொங்கவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த வீட்டார்தான். எரிந்த அறைகளைத் தொங்கவிட அவர்கள் விடமாட்டார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். வேலை வண்டியில் எடுத்த செல்ஃபிகளைத் தருவார்கள். ஒவ்வொரு போனிலும் அவை இருக்கின்றன. பூ வைத்துச் சிரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன், பொடி படிவதற்கு முந்தைய முகங்கள். அந்தக் கூடுகைக்கு நகரத்தவர் மட்டும் வந்து பயனில்லை. ஆலை முதலாளி வரவேண்டும், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் வரவேண்டும், தெரு மாறி இருக்கிற சாதிக்காரர் வரவேண்டும். எல்லாத் துட்டிக்கும் எல்லாரும் போவதில்லை என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை. சில வீட்டுப் பந்தலில் கடைசி வரை உட்காராமல் தெருவிலேயே நின்று திரும்புகிறவர்கள் உண்டு. கலை அவர்களை உள்ளே உட்காரவைக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு படத்தைப் பார்ப்பதற்காகவாவது இரண்டு அடி கூடுதலாக உள்ளே வருவார்களா என்று மட்டும் யோசிக்கிறேன்.

சாத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இருக்கிறார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிப் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவரிடம்தான். ஆலையில் வெடித்த இரவுகளில் கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருப்பார். உறவுக்காரர்கள் போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, பக்கத்தில் நின்றவரின் தோளை அழித்து, சேலை நிறத்தைக் கொஞ்சம் தூக்கி, பின்னால் நீல வானம் போட்டுக் கொடுப்பார். சாயங்காலம் வண்டியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருக்கிறார்கள், தேதிவாரியாக. வெட்டுவதற்கு முந்தைய முழுப் படங்களும் இருக்கின்றன, பக்கத்தில் நின்றவர்களின் தோளோடு. போன மாதம் போயிருந்தபோது ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது, பழையதையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்றார். எனக்கு ஒரு காப்பி கொடுங்களேன் அண்ணாச்சி என்று கேட்டேன். ‘அதெப்படித் தம்பி, அவுக வீட்ல கேக்காம?’ என்றார். பட்டியல் ஒன்று எழுதித் தந்திருக்கிறார், ஊர் வாரியாக, இரண்டு பக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டுக்குப் போகவேண்டும். சித்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.